நம்மைக் கேட்காமல் திறக்கும் எடிட்டர்

போன மாதம் ஒரு ராத்திரி ஒன்பதரை மணி இருக்கும், நண்பர் ஒருவர் போன் செய்தார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். என்னைவிட நான்கு வயது மூத்தவர். பல்லடத்தில் அவரிடம் படித்தவர் இல்லாத தெரு கிடையாது. பெயர் வேண்டாம், வாத்தியார் என்றே சொல்கிறேன்.

"ஏனுங்க, இந்தக் கம்ப்யூட்டருக்கு என்னமோ ஆயிப்போச்சுங்க. எதை அடிச்சாலும் கேள்விக்குறி போடுது. எக்ஸிட்னு அடிச்சேன், கேள்விக்குறி. குவிட்னு அடிச்சேன், அதுக்கும் கேள்விக்குறி. முப்பத்தஞ்சு வருசம் நான் பசங்களைக் கேள்வி கேட்டதுக்கு இப்ப இது பதிலுக்குக் கேக்கறாப்பல இருக்குதுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நம்பர் போட்டு நாலு பேரு காட்டி, எது வேணும்னு கேட்டுச்சுங்களா?" என்றேன். "ஆமாங்க, நாலுன்னு அடிச்சேன். கடைசியா இருக்கறதுதான் புதுசா இருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

கடைசியாக இருந்தது புதிது அல்ல. 1969-ல் எழுதப்பட்டது. வாத்தியார் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பார். அதன் பெயர் 'எட்'. வெறும் க்யூ எழுத்தை மட்டும் அடித்து என்டர் தட்டச் சொன்னேன். வெளியே வந்துவிட்டார்.

அவர் செய்யப்போன வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். கொங்கு வட்டாரப் பேச்சுச் சொற்களைப் பல வருடங்களாகச் சேர்த்துவருகிறார். பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி அவர் மேசைமேல் எப்போதும் இருக்கும். அதில் இல்லாதது, நம்ம பக்கத்துத் தறிக்காரர்களும் தோட்டத்துக்காரர்களும் சொல்வது, இதெல்லாம் தனிப் பட்டியல். முன்பு ஒருமுறை ஹார்டு டிஸ்க் போய், எட்டு மாதச் சேகரிப்பு அப்படியே போய்விட்டது. அதிலிருந்து பயம். தினமும் ராத்திரி பத்து மணிக்கு அந்தப் பட்டியல் தானாகவே இன்னொரு டிஸ்க்கில் நகல் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டார். லினக்ஸில் அதற்கு ஒரு வரி எழுதினால் போதும். அந்த ஒரு வரியை எழுதத்தான் ஓர் எடிட்டர் திறக்க வேண்டியிருந்தது. எந்த எடிட்டர் என்று கணினி கேட்டது. அவர் நாலு என்றார்.

இதைப் பற்றி எழுதலாம் என்று அப்போதுதான் தோன்றியது. எனக்கும் இந்த 'எந்த எடிட்டர்' சமாச்சாரத்தோடு முப்பது வருடத்துக்கு முந்தைய கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது.

முதலில் அந்தக் கேள்விக்குறியின் கதை. அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் என்பவர் யூனிக்ஸை உருவாக்கிய காலத்தில் திரை கிடையாது. டெலிடைப் என்று ஒரு இயந்திரம். தட்டச்சு இயந்திரத்துக்குத் தந்தி இணைப்பு கொடுத்த மாதிரி இருக்கும். நாம் அடிப்பதும் கணினி சொல்வதும் ஒரே காகிதச் சுருளில் அச்சாகும். மாடல் 33 என்ற டெலிடைப் வினாடிக்குப் பத்து எழுத்துத்தான் அடிக்கும். "ஐயா, நீங்கள் தவறான கட்டளை கொடுத்துவிட்டீர்கள்" என்று அது அடித்து முடிப்பதற்குள் நமக்குப் பொறுமை போய்விடும். அதனால் தாம்சனின் எடிட்டர் எல்லாத் தவறுக்கும் சேர்த்து ஒரே ஓர் எழுத்தை அடித்தது. அதுதான் அந்தக் கேள்விக்குறி. காகிதமும் நேரமும் மிச்சம். காரணம் போய் ஐம்பது வருடமாகியும் அந்தச் சிக்கனம் மட்டும் வாத்தியார் வீட்டு மடிக்கணினி வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

லண்டன் குவீன் மேரி கல்லூரியில் ஜார்ஜ் கூலூரிஸ் என்பவருக்கு இது பிடிக்கவில்லை. அங்கே திரை வைத்த டெர்மினல்கள் வந்திருந்தன. அவற்றில் வரியைப் பார்த்துக்கொண்டே திருத்தும்படி ஓர் எடிட்டர் எழுதி, 'எம்' என்று பெயர் வைத்தார். சாதாரண மனிதர்களுக்கான எடிட்டர் என்று அதற்கு விளக்கம். பழையது தேவர்களுக்குத்தான் லாயக்கு என்ற கிண்டல் அதில் இருக்கிறது. 1976-ல் அவர் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் போனபோது பில் ஜாய் என்ற மாணவர் அதைப் பார்த்தார். அதிலிருந்து வளர்ந்தது 'எக்ஸ்'. எக்ஸ் எடிட்டரைத் திரை முழுக்கப் பார்க்கும் விதம்தான் 'விஐ'. 1979-ல் பெர்க்லி யூனிக்ஸின் இரண்டாம் வெளியீட்டில் அது அந்தப் பெயரோடே வந்தது.

பில் ஜாய் வீட்டிலிருந்து வேலை செய்தது 300 பாட் மோடத்தில். வினாடிக்கு முப்பது எழுத்து. அவரிடம் இருந்த டெர்மினல் ஏடிஎம்-3ஏ. அதில் அம்புக்குறிச் சாவிகள் தனியாகக் கிடையாது. ஹெச், ஜே, கே, எல் என்ற நான்கு எழுத்துச் சாவிகளின் மேலேயே அம்புக்குறி அச்சடித்திருக்கும். ஆகவே விஐ-யில் இடது, கீழே, மேலே, வலது என்று போவதற்கு அந்த நான்கு எழுத்துகள். எழுத வேண்டுமானால் ஒரு நிலை, நகரவும் அழிக்கவும் வேண்டுமானால் இன்னொரு நிலை. ஒரே சாவி ஒரு நிலையில் எழுத்து, மறு நிலையில் கட்டளை. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், முக்கியமாக ஜே எழுத்தை.

இனி என் கதை.

நான் எஸ்.எஸ்.எல்.சி முடித்து, ஆங்கிலம் தமிழ் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி, நம்ம பக்கத்து நூற்பாலை ஒன்றில் டைம் ஆபீஸில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தவன். ஆலையின் பெயர் இப்போது எதற்கு? 90-களின் தொடக்கத்தில் அங்கே கம்ப்யூட்டர் வந்தது. ஒரு பெட்டி, அதோடு நான்கு டெர்மினல்கள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. உள்ளே ஓடியது யூனிக்ஸ். டைப் தெரிந்தவன் என்பதால் என்னை அதில் உட்காரவைத்தார்கள். கோயமுத்தூரிலிருந்து வந்த இன்ஜினியர் இரண்டு நாள் பாடம் எடுத்துவிட்டுப் போனார்.

சம்பளக் கணக்குக்கு ஒரு கோப்பு. ஒரு தொழிலாளிக்கு ஒரு வரி: டோக்கன் நம்பர், பெயர், இலாகா, வேலை செய்த நாள், ஓவர்டைம், அட்வான்ஸ், பிடித்தம். வரி ஏறக்குறைய திரையின் முழு அகலத்துக்கும் வரும். திரைக்கு அகலம் எண்பது எழுத்து. திருத்தம் என்ற எண்ணை அமுக்கினால் விஐ திறக்கும். ஏன் விஐ என்று நான் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை. எதுவும் சொல்லாவிட்டால் விஐ திறக்கும் என்பதுதான் யூனிக்ஸின் வழக்கம்.

ஆயிரம் பேருக்குக் குறைவான ஆலையில் 7-ந் தேதிக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்பது அப்போது நடப்பில் இருந்த 1936-ம் வருட ஊதியச் சட்டம். 6-ந் தேதி ராத்திரி உட்கார்ந்து கடைசித் திருத்தங்களைப் போட்டேன். கோன் வைண்டிங் இலாகாவில் ஒரு பெயரைப் பெரிய எழுத்தில் திருத்த கேப்ஸ் லாக் போட்டேன். திருத்தியதும் எஸ்கேப் அமுக்கினேன். கீழ் வரிகளைச் சரிபார்க்க ஜே, ஜே, ஜே என்று தட்டிக்கொண்டே போனேன். கேப்ஸ் லாக்கை எடுக்கவில்லை.

சின்ன ஜே என்றால் ஒரு வரி கீழே போ. பெரிய ஜே என்றால் அடுத்த வரியைக் கொண்டுவந்து இந்த வரியோடு ஒட்டு. இன்ஜினியர் இதைச் சொன்னாரா, சொல்லி நான் மறந்தேனா என்பது தெரியாது. நான் கீழே போவதாக நினைத்துத் தட்டத் தட்ட, ஒவ்வொரு தொழிலாளியும் மேல் வரிக்காரரோடு ஒட்டிக்கொண்டே வந்தார்கள். "கண்ணு தெரியலையா உனக்கு?" என்று கேட்பீர்கள். அதில்தான் சூட்சுமம். நீண்ட வரி திரையின் ஓரத்தைத் தொட்டதும் மடிந்து கீழே வரும். எங்கள் வரிகள் எண்பதை ஒட்டியவை என்பதால், ஒட்டிய வரியும் ஒட்டாத வரியும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்று. ஒட்டிய இடத்தில்தான் கர்சர் வந்து நிற்கும். அந்த இடம் திரையில் கீழ் வரிசை. ஆக, கர்சர் ஒழுங்காகக் கீழே இறங்குகிற மாதிரியே தெரிந்தது. கடைசியில் இரண்டு பெரிய ஸெட் அடித்தேன். அது சேமித்துவிட்டு வெளியேறும் கட்டளை. கேப்ஸ் லாக் இருந்ததால் அது மட்டும் மிகச் சரியாக வேலை செய்தது.

சம்பள புரோகிராம் ஒரு வரிக்கு ஓர் ஆளைத்தான் எடுக்கும். முதல் பெயரை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டது. மறுநாள் கவர் கொடுக்கும்போது கோன் வைண்டிங் பெண்கள் பதினொரு பேருக்குக் கவரே இல்லை.

எங்கள் ஆலை நிலைமை அப்போது தெளிவாக இல்லை. ஆள் குறைப்பு வரும், வராது என்று தினம் ஒரு பேச்சு. அந்த நேரத்தில் பட்டியலில் பெயர் இல்லை என்றால் என்ன அர்த்தம்? ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா கவுண்டர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க சாமி, என்ற பேரையே எடுத்துப்போட்டாங்களா?" என்று கேட்டார். சத்தமாகக்கூட இல்லை. சம்பள நாளில் கேட்டுக்கு வெளியே வட்டிக்காரர்கள் சைக்கிளோடு நிற்பது வழக்கம். அந்த அம்மா வெளியே போகவும் முடியாமல், உள்ளே வரவும் முடியாமல், டைம் ஆபீஸ் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

மஸ்டர் ரோலை எடுத்து, பதினொரு பேருக்கும் கையால் கணக்குப் போட்டு, கேஷியரை வீட்டிலிருந்து கூட்டிவந்து, கடைசிக் கவரைக் கொடுத்தபோது ராத்திரி ஒன்பது மணி. அந்த அம்மா கவரை வாங்கி எண்ணிப் பார்க்கவில்லை. "பேரு இருக்குதுங்களா?" என்று மட்டும் திரும்பக் கேட்டார். மஸ்டரில் அவர் பெயரை விரல் வைத்துக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் பார்த்தார்.

தப்பு என்னுடையது. மெமோ வாங்கினேன். அதில் மனக்குறை இல்லை. அடுத்த வாரம் இன்ஜினியர் வந்தபோது நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு கோப்பைத் திறந்து ஒரே ஒரு வரி சேர்த்தார். 'எடிட்டர்' என்ற பெயருக்கு எதிரே 'விஎடிட்' என்று எழுதினார். விஎடிட் என்பதும் விஐதான். புதிதாகக் கற்பவர்களுக்காக அதே யூனிக்ஸில் கூடவே வைத்திருந்த சாதுவான விஐ. நாம் எந்த நிலையில் இருக்கிறோம் என்று திரையின் அடியில் எழுதிக் காட்டும். அந்தப் பெட்டிக்குள் முதல் நாளிலிருந்தே இருந்தது. "இதை அப்பவே வெச்சிருக்கலாமுங்களே?" என்றேன். "யாரும் கேக்கலீங்களே" என்றார். அவர்மேல் எனக்கு அன்று வந்த கோபம் நியாயமா இல்லையா என்று இன்றுவரைக்கும் முடிவு பண்ணவில்லை.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. பெர்க்லியில் 1978 வாக்கில் கர்ட் ஷோன்ஸ் எழுதிய மெயில் புரோகிராமில் கடிதத்தைத் திருத்த இரண்டு கட்டளைகள் இருந்தன. ஒன்று 'எடிட்டர்' என்ற பெயரில் நாம் குறித்து வைத்ததைத் திறக்கும், மற்றது 'விஷுவல்' என்ற பெயரில் குறித்ததைத் திறக்கும். காகித டெர்மினல் வைத்திருப்பவருக்கு முதலாவது, திரை வைத்திருப்பவருக்கு இரண்டாவது. காகிதம் ஒழிந்து எத்தனையோ காலமாகிவிட்டது. இன்றைய லினக்ஸிலும் இரண்டு பெயர்களும் இருக்கின்றன. பல புரோகிராம்கள் முதலில் விஷுவல் இருக்கிறதா என்று பார்க்கும், இல்லையென்றால் எடிட்டர், அதுவும் இல்லையென்றால் விஐ. யூனிக்ஸ்களுக்கெல்லாம் பொதுவான பாசிக்ஸ் தரநிலையிலும் கால அட்டவணைக் கோப்பைத் திருத்த, எதுவும் குறிக்காவிட்டால் விஐ என்றே எழுதி வைத்திருக்கிறார்கள்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. கறிக்கோழிக்குப் பண்ணை விலை இன்றைக்கு என்ன என்று பல்லடத்தில் உட்கார்ந்து பி.சி.சி. சொல்கிறது. யாரும் தனியாகப் பேசி முடிக்காவிட்டால் அதுதான் விலை. வேறு விலைக்கு விற்கக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை, ஆனால் பேச வேண்டும். பேசத் தெரிய வேண்டும்.

விஐ-க்கு எதிர்க்கட்சி இல்லாமல் இல்லை. அதே 1976-ல் எம்ஐடியில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 'ஈமாக்ஸ்' எழுதத் தொடங்கினார். இரண்டு கட்சிக்காரர்களும் போட்ட சண்டையை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும், நமக்கு வேண்டாம். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இரண்டும் இல்லாமல் மைக்ரோ ஈமாக்ஸ் என்ற சின்ன எடிட்டரைத் தன் கைக்கு ஏற்றபடி மாற்றி வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார். லினக்ஸ் பிறந்த அதே 1991-ல்தான் ஹாலந்துக்காரர் பிராம் மூலனார் 'விம்' எடிட்டரை வெளியிட்டார். இன்று பெரும்பாலான லினக்ஸில் விஐ என்று அடித்தால் திறப்பது விம்தான். அதை இலவசமாகக் கொடுத்துவிட்டு, முடிந்தால் உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று திறக்கும் திரையிலேயே எழுதி வைத்தவர். 2023 ஆகஸ்ட் 3-ந் தேதி காலமானார். எனக்கு அவருடைய எடிட்டரோடு ஒத்துப்போகாவிட்டாலும், அந்தச் செய்தியைப் படித்த அன்று மனசு கனத்துப்போனது.

விம்மிலிருந்து வெளியே வரத் தெரியாமல் திண்டாடுவது நாம் மட்டும் இல்லை. நிரலாளர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில், 'விம்மை விட்டு வெளியேறுவது எப்படி' என்ற ஒரே கேள்வியைப் பத்து லட்சம் தடவைக்கு மேல் பார்த்திருக்கிறார்கள் என்று 2017-ல் அந்தத் தளமே வேடிக்கையாக எழுதியது. எஸ்கேப், பிறகு கோலன், க்யூ, ஆச்சரியக்குறி, என்டர். சேமிக்காமல் வெளியே வர இதுதான் வழி. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

சாதாரண மனிதர்களுக்கு நிஜமாகவே உதவியது 'நானோ'. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பைன் மின்னஞ்சல் புரோகிராமோடு 'பைக்கோ' என்று ஒரு எளிய எடிட்டர் வந்தது. எந்தச் சாவி என்ன செய்யும் என்று திரையின் அடியிலேயே இரண்டு வரியில் எழுதியிருக்கும். ஆனால் அதன் உரிமம், திருத்திப் பரப்ப அனுமதிக்கவில்லை. அதனால் கிறிஸ் அலெக்ரெட்டா 1999-ல் அதே சாயலில் புதிதாக ஒன்று எழுதினார். 2000-லிருந்து அதற்கு நானோ என்று பெயர். டெபியனும் உபுண்டுவும் அதையே தங்கள் முதல் எடிட்டராக வைத்தன. ஃபெடோரா 2020 அக்டோபரில் வந்த 33-ம் பதிப்பில்தான் விஐ-யை விட்டு நானோவுக்கு மாறியது. அதற்கும் பெரிய வாக்குவாதம் நடந்தது. எழுதத் தெரிந்தவனைப் புதியவன் சோம்பேறி என்கிறானா, புதியவனைத் தெரிந்தவன் சோம்பேறி என்கிறானா என்று புரியாத வாக்குவாதம். திண்ணையில் உட்கார்ந்திருந்த பதினொரு பேரைப் பார்த்தவன் என்ற முறையில் நான் ஃபெடோராக்காரர்கள் பக்கம்.

நம்ம ஊருக்கு லினக்ஸ் வந்த கதைக்கு வருகிறேன். 2007 வாக்கில் எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்த சி. உமாசங்கர், அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் சூசே லினக்ஸ் போட்ட கணினிகளை வாங்க ஏற்பாடு செய்தார். அப்போது அது பெரிய செய்தி. அதே 2007-ல் சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் வெளிவந்தது, டெபியனை அடிப்படையாகக் கொண்டது. 2011 செப்டம்பர் 15-ந் தேதி தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸும் சேர்ந்தே வந்தன. நம்ம தெருவுக்குத் தெரு அந்த மடிக்கணினி இருந்தது. திறந்ததும் எது வேண்டும் என்று கேட்கும். பிள்ளைகளில் பெரும்பாலோர் பாஸ் பக்கம் போகவே இல்லை. போவதற்கு ஒரு காரணம் யாரும் சொல்லவில்லை. வாத்தியாரிடம் இருப்பதும் அந்தத் திட்டத்தில் பேத்திக்குக் கிடைத்த மடிக்கணினிதான். பேத்தி படித்து முடித்து வேலைக்குப் போன பிறகு, தெரிந்த பையன் ஒருவன் அதில் உபுண்டு போட்டுக் கொடுத்தான். அதனால்தான் இன்னும் ஓடுகிறது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு எடிட்டரோடு இன்னொரு சிக்கலும் உண்டு, அது விசைப்பலகை. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா அமைத்த தட்டச்சு முறையில் கை பழகியவன் நான். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்'99 மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு தமிழ்99 முறையைத் தரப்படுத்தியது. உயிரெழுத்தை இடது கையிலும் மெய்யைப் பெரும்பாலும் வலது கையிலும் பிரித்த, நல்ல யோசனையோடு செய்த அமைப்பு. இருந்தாலும் ஹையர் பாஸ் பண்ணிய விரல்கள் அரசாணையைப் படிப்பதில்லை. 2010 ஜூனில் கோயமுத்தூர் கொடிசியாவில் செம்மொழி மாநாடு நடந்தபோது கூடவே தமிழ் இணைய மாநாடும் நடந்தது. அந்த நேரத்தில்தான் அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டது. நானும் போயிருந்தேன். கூட்டத்தில் கணினி அரங்கைப் பார்த்ததைவிட முன்னால் நின்றவர் முதுகைப் பார்த்ததுதான் அதிகம். லினக்ஸில் இப்போது தமிழ்99, பழைய டைப்ரைட்டர் முறை இரண்டும் கிடைக்கின்றன. நமக்கு வேண்டியதை நாம் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். முத்தையா முறையை அங்கே பார்த்தபோது, பழைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வாசலைப் பார்த்த மாதிரி இருந்தது.

ஆனால் விம்மில் தமிழ் எழுதிப் பாருங்கள். விசைப்பலகை தமிழில் இருக்கும்போது எஸ்கேப் அமுக்கிக் கட்டளை கொடுத்தால், போவது ஜே அல்ல, அந்தச் சாவியில் இருக்கும் தமிழ் எழுத்து. அதற்கு அர்த்தம் தெரியாமல் எடிட்டர் பேசாமல் நிற்கும். ஒவ்வொரு முறையும் ஆங்கிலத்துக்கு மாறி மாறி வர வேண்டும். விம்மோடு திஸ்கி எழுத்துருக் காலத்துத் தமிழ் விசை அமைப்பு ஒன்று வருகிறது. யாரோ ஒரு புண்ணியவான் அப்போதே யோசித்திருக்கிறார். யூனிகோடு வந்த பிறகு அது நமக்குப் பயன்படாது. கறுப்பு டெர்மினல் திரையில் கொம்பும் காலும் இடம் மாறித் தெரிவது வேறு தொல்லை. அது எடிட்டரின் குற்றம் இல்லை, டெர்மினலுடைய குற்றம். நானோவிலும் அப்படித்தான் தெரியும்.

அதனால் நான் சொல்வது, இரண்டையும் பிரித்துவிடுங்கள். தமிழ் எழுதுவதற்கு ஜன்னலில் திறக்கும் எடிட்டர். க்னோம் திரையில் வெகுகாலம் 'ஜிஎடிட்' இருந்தது, 2022-ல் வந்த க்னோம் 42-லிருந்து அந்த இடத்துக்கு வேறு ஒன்று வந்திருக்கிறது. கோப்பின்மேல் வலது பட்டனை அமுக்கி, எதில் திறக்க வேண்டும் என்பதில் பிடித்ததைத் தேர்ந்தெடுத்து, எப்போதும் இதுவே என்று சொல்லிவிடலாம். டெர்மினலில் திறப்பது தனிக் கணக்கு. ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது. இது தெரியாமல் 'மாத்தினேன், ஆனா மாறலீங்க' என்று என்னிடம் சொன்னவர்கள் மூன்று பேர்.

மறுநாள் காலை வாத்தியார் வீட்டுக்குப் போனேன். உபுண்டு, டெபியனில் இது மிகச் சுலபம். டெர்மினலில் 'செலக்ட்-எடிட்டர்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் அதே பட்டியல் மறுபடி வரும். நானோவுக்கு எதிரே 'மிகச் சுலபம்' என்று அம்புக்குறியே போட்டிருக்கும். முந்தின ராத்திரி வாத்தியார் கண்ணாடி போடவில்லையாம். அந்த எண்ணை அடித்தால் அவருடைய வீட்டு அடைவில் ஒரு சின்னக் கோப்பில் அது பதிவாகிவிடும். இது அந்த ஒருவருக்கு மட்டும். கணினி முழுமைக்கும் மாற்ற 'அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ்' என்று நிர்வாகிக்கு உரிய கட்டளை இருக்கிறது. மற்ற லினக்ஸ்களில், எங்கள் இன்ஜினியர் செய்த மாதிரி, எடிட்டர் என்ற பெயருக்கு எதிரே நானோ என்று ஒரு வரி. விஷுவலுக்கும் ஒரு வரி எழுதிவிடுவது நல்லது. டெர்மினலை மூடித் திறந்தால் நடப்புக்கு வரும்.

நானோ திறந்தது. அடியில் உள்ள இரண்டு வரியை வாத்தியார் கண்ணாடி போட்டு வாசித்தார். "இதென்னங்க, எழுத்துக்கு முன்னால தொப்பி?" என்றார். கன்ட்ரோல் சாவி என்று அர்த்தம் என்றேன். ராத்திரி பத்து மணிக்கு நகல் எடுக்கும் வரியை அவரே அடித்தார், ஒவ்வொரு எழுத்தாக, தட்டச்சுத் தெரியாத இரண்டு விரலால். கன்ட்ரோலும் எக்ஸும். சேமிக்கவா என்று கேட்டது. "கேள்வி கேட்டாலும் இது புரியறாப்பல கேக்குதுங்க" என்றார்.

அன்று ராத்திரி பத்து மணி ஐந்து நிமிடத்துக்குப் போன் வந்தது. இரண்டாவது டிஸ்க்கைத் திறந்து பார்த்தாராம். பட்டியல் இருந்ததாம். நான் கேட்டது, "கடைசிச் சொல்லு வரைக்கும் இருக்குதுங்களா?" இருங்கள் என்று சொல்லிவிட்டு, போனைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பார்த்து வந்தார். "இருக்குதுங்க" என்றார்.